இரண்டு கையும் வைத்தால்தான்

ஜவ்வாது மலை
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செந்தாமரை எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? ஆலங்காயத்தில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா?

எழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை யாரோ விளையாட்டுக்குப் போட்ட கடிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதே. இடது கையால் எழுதுகிறேன். ஒன்பது மாதமாகப் பழகியும் வரிகள் மலையேறிக்கொண்டுதான் போகின்றன. இனிமேல் எனக்குப் போன் செய்யாதே, செய்தாலும் எடுக்க மாட்டேன். சிக்னலுக்காக மேட்டுக்கு ஓட வேண்டியிருப்பது ஒரு காரணம். நீ "சாப்ட்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவது இன்னொரு காரணம். கடிதம் என்றால் எனக்குக் கைப்பழக்கம், உனக்கு நாலு வரியாவது எழுதித் தீர வேண்டிய தண்டனை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு மெஷின் வேண்டும். பதறாதே, முழுவதும் படி.

போன வாரம் கையைக் காட்ட வாணியம்பாடிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அச்சுக்கடை. கடைக்காரர் ஷஃபியுல்லா பாய் வாசலோரம் மேசை மேல் ஒரு சின்ன அச்சு மெஷினை வைத்து விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டிருந்தார். தையல் மெஷின் உயரம்தான் இருக்கும். பக்கத்தில் உள்ள பிடியை இழுத்தால் ரோலர் மையை எடுத்து ஈய எழுத்துகள் மேல் தடவுகிறது. இன்னும் இழுத்தால் தாள் போய் எழுத்தில் அழுந்துகிறது. விட்டால் திறந்துகொள்கிறது. ஒயர் இல்லை, மோட்டார் இல்லை, பட்டன் இல்லை. நான் இழுத்தால் அசையும், நிறுத்தினால் நின்றுவிடும். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் அண்ணா. பயமே வரவில்லை. நம் ஷூ கம்பெனியில் அந்தக் கட்டிங் மெஷின் என் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்த நாளிலிருந்து மிக்ஸி ஓடினால்கூட வெளியே போய்விடுகிறவள் நான்.

எங்கள் மகளிர் குழுவினர் சாமை, தேன், புளி எல்லாம் பாக்கெட் போடுகிறார்கள். லேபிளுக்குப் போளூர் போக வேண்டியிருக்கிறது. ஆயிரத்துக்குக் குறைந்தால் அங்கே அடித்துத் தருவதில்லை. நான் வீட்டிலேயே அடித்துத் தருவேன். நீ மெக்கானிக். புதிதாகப் பழகுகிறவளுக்கு எந்த மெஷின் சரிப்படும் என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ மேலே வந்தும் ஒன்பது மாதம் ஆகிறது.

உன் தங்கை
செந்தாமரை


ஆலங்காயம்
21 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே நானும் கலைவாணியும் நலம். கை வலி எப்படி இருக்கிறது? மழை வந்தால் வலிக்கும் என்று டாக்டர் சொன்னாரே, மாத்திரை இருக்கிறதா?

கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த மெஷின் விஷயம் வேண்டாம். கையால் இழுத்தாலும் காலால் மிதித்தாலும் இரும்பு இரும்புதான். லேபிள்தான் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் பிரிண்டர் ஒன்று வாங்கித் தருகிறேன். இல்லையென்றால் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்துத் தருகிறேன், உட்கார்ந்த இடத்தில் வியாபாரம். அம்மாவுக்கும் மனசு நிம்மதியாக இருக்கும். இனிமேல் உன் கை எந்த மெஷினுக்குள்ளும் போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

கம்பெனியில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள். ஆடி பிறந்தபின் வரப் பார்க்கிறேன்.

இப்படிக்கு
தனசேகரன்


ஜவ்வாது மலை
28 ஜூன் 2024

அண்ணனுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். மாத்திரை இருக்கிறது.

பெட்டிக்கடையாம்! எனக்கு இருபத்தாறு வயசு. பல்லி மிட்டாய் எண்ணிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? அம்மாவும் உன் பக்கம்தான். "இன்னா பொண்ணுடி நீ! ஒரு மெஷினு கைய தின்னுச்சு, இன்னொரு மெஷினுக்கு வூட்ல எடம் குடுக்கறியா?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் பேசினாள். அதையே மறுபடி கேட்டாள்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். விபத்தான ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கம்பெனி ஆட்கள் ஒரு தாளை நீட்டினார்கள். "தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." பன்னிரண்டாம் வகுப்பு படித்தவளிடம் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். மைப்பெட்டியைப் பிடித்திருந்தவன் நீ. கவனக்குறைவாம்! நாலு வருடம் அந்த மெஷினில் நின்றேன், ஒரு தோலைக்கூடக் கோணலாக வெட்டியதில்லை. அந்தச் சொல் என் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. நான் மறுபடி ஒரு மெஷினில் கை வைத்து வேலை செய்தாக வேண்டும் அண்ணா. எனக்குக் கவனம் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தாக வேண்டும்.

நேற்றுத் தனியாகவே கடைக்குப் போய்ப் பார்த்தேன். பாயிடம் மூன்று மெஷின்கள் விலைக்கு இருக்கின்றன. ஒன்று உள்ளங்கை அகலம். "இத வாங்கினா ஒரே மாசத்துல பரண் மேல போட்டுடுவே. கார்டு தவிர ஒண்ணும் போவாது" என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டாவது காலால் மிதிப்பது, பக்கத்தில் பெரிய சக்கரம். "வேகம்னா இதான்மா. கால எடுத்தாலும் நாலு சுத்து சுத்திட்டுத்தான் நிக்கும்" என்றார். அந்த நாலு சுற்றுக்காகவே எனக்கு அது வேண்டாம். மூன்றாவது மேசை மேல் வைப்பது. வலது பக்கம் பிடி. பாதி நோட்டுத் தாள் அளவு அடிக்கலாம், இரண்டு பேர் தூக்கிவிடலாம். மிச்சமிருக்கும் மூன்று விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தேன், இறங்கியது.

நான் அதை வாங்கத்தான் போகிறேன். நீ வந்து பார்த்தால் நல்ல மெஷினாக வாங்குவேன். வராவிட்டால் ஏமாந்து வாங்குவேன். உன் இஷ்டம்.

செந்தாமரை


ஆலங்காயம்
15 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

போய்ப் பார்த்தேன். நீ சொன்ன மூன்றாவதுதான் சரி. இவை வார்ப்பு இரும்பு. உடைந்தால் ஒட்டவைத்தாலும் நிலைக்காது. அதனால் முதலில் பெயிண்டைச் சுரண்டி எங்காவது வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிடியைப் பாதியில் நிறுத்தி ஆட்டிப் பார்த்தேன், இணைப்புகள் தளரவில்லை. எழுத்துகளை இறுக்கி மாட்டும் இரும்புச் சட்டம் கூடவே இருக்கிறது. அது இல்லாத மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று பாய் சொன்னார். தாள் அழுந்தும் தட்டு ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது, திருகைச் சரிசெய்தேன். ரோலர் இரண்டும் வெடித்துப்போய், நகத்தால் கீறினால் பொடி உதிர்கிறது. அது பெரிய குறை இல்லை. சென்னைக்கு அனுப்பிப் புது ரப்பர் போட்டு வாங்கலாம்.

முதலில் சின்ன வேலையாகவே அடி. ஒரு வரி, இரண்டு வரி. மையைக் குறைவாகப் போடு. அதிகமாகப் போட்டால் எழுத்தின் கண்ணெல்லாம் அடைத்துவிடுமாம்.

மெஷினை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும். அதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. கம்பெனியில் ஆர்டர் அதிகம்.

தனசேகரன்


ஜவ்வாது மலை
24 ஜூலை 2024

என் அருமை அண்ணனுக்கு,

பார்த்தாயா, இந்தத் தடவை 'அருமை' எல்லாம் வருகிறது! நாங்கள் இருவரும் நலம். தைலம் வாங்கி வைத்திருக்கிறேன் என்கிறாய். அதை யார் கொண்டுவருவது, தபால்காரர் ராஜாக்கண்ணுவா?

பாய் ஒரு எழுத்துப் பெட்டியும், எழுத்துகளைக் கோத்துப் பிடிக்கும் ஸ்டிக்கும் கொடுத்தார். பழைய எழுத்துகள், எல்லாம் சம அளவில் இல்லை. 'க' அள்ள அள்ள வருகிறது, 'ழ' ஐந்தே ஐந்து. ஆறாவது வேண்டுமென்றால் வேறு சொல்தான் தேட வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தால் பிளாஸ்டிக் தகடாகவே செய்து தருவார்கள், அதையும் இந்த மெஷினில் மாட்டலாம் என்றார் பாய். அது அப்புறம். முதலில் ஒவ்வொரு எழுத்தாக என் கையாலேயே கோக்க வேண்டும்.

ஸ்டிக்கை எல்லோரும் இடது கையில் பிடித்து வலது கையால் எழுத்தை எடுத்து வைப்பார்களாம். எனக்கு எடுக்கும் கை இடது. அதனால் ஸ்டிக்கை வலது கையில் இடுக்கிக்கொண்டு, என் பாட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோத்துக்கொண்டே போனேன். 'மலைச்சாமை' என்று ஒரு மணி நேரம் பாடுபட்டு, மை தடவித் தாளில் அழுத்திப் பார்த்தால், வால் முன்னால் தலை பின்னால்! அம்மா ஒரு வாரத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள். இப்போது சரியாக வருகிறது. கைதான் மாறும், திசை மாறாது என்று கற்றுக்கொண்டேன்.

என் போன கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பார். மெஷினைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய். அந்தத் தாளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

செந்தாமரை


ஆலங்காயம்
2 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே.

மெஷின் வரும் புதன்கிழமை பாயின் தம்பி வண்டியில் ஜமுனாமரத்தூருக்கு வருகிறது. புது ரோலர் போட்டாகிவிட்டது. தைலமும் அதிலேயே இருக்கிறது. ஜன்னல் ஓரமாக, ஆட்டம் இல்லாத மேசையில் வை. மேசையோடு சேர்த்து நாலு போல்ட்டும் போட்டுவிடு.

ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இடது பக்கத்தில் புதிதாக ஒரு கொக்கி இருக்கும். தாளை வைத்த பிறகு, இடது கையால் அந்தக் கொக்கியை அழுத்திப் பிடித்தால்தான் வலது பக்கப் பிடி இறங்கும். கொக்கியை விட்டால் பிடி பாதியிலேயே நின்றுவிடும். இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் வேலை செய்யும். கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். யார் சொன்னாலும் அந்தக் கொக்கியைக் கழற்றாதே. நான் சொன்னாலும் கழற்றாதே.

நான் வர முடியவில்லை.

தனசேகரன்


ஜவ்வாது மலை
10 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

மெஷின் வந்து சேர்ந்தது. அம்மா முதலில் அந்தப் பக்கமே வரவில்லை. நேற்று நான் அடித்த முதல் லேபிளைக் கையில் வாங்கி, ஈரம் காயாததால் விரலில் மை ஒட்டிக்கொள்ள, அதைப் புடவையில் துடைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு அடி" என்றாள். நாற்பது அடித்தேன்.

கொக்கி நன்றாக வேலை செய்கிறது. வழவழவென்று ராவி, என் கைக்குத் தோதாக வளைத்திருக்கிறாய். சாமை லேபிள் அடிக்கிற ஒரு பொடி மெஷினுக்கு, கையால் இழுக்கிற மெஷினுக்கு, இவ்வளவு பாதுகாப்பு.

கம்பெனி மெஷினிலும் இரண்டு பட்டன் இருந்தது. இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும். அன்றைக்கு என் இடது கை மட்டும்தான் பட்டன் மேல் இருந்தது. வலது கை தோலைத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் கத்தி இறங்கியது. எப்படி அண்ணா?

நாளையோடு ஒரு வருடம் ஆகிறது. பதில் எழுது.

செந்தாமரை


ஆலங்காயம்
21 நவம்பர் 2024

அன்புள்ள செந்தாமரைக்கு,

அண்ணி கலைவாணி எழுதுகிறேன். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். சாமை அறுப்பு முடிந்ததா?

உன் அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை என்று நீ வருத்தத்தில் இருப்பாய். அவர் எழுதாமல் இல்லை. உட்கார்ந்து எழுதுகிறார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போகிறார், திரும்பி வந்து அடுப்பில் போட்டுவிடுகிறார். ஏழெட்டுத் தடவை ஆகிவிட்டது. என்னவென்று கேட்டால் கோபம் வருகிறது. சாப்பாடும் சரியாக இல்லை.

அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். அந்த மெஷின் எங்கள் கூடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும் வலது கையில் இரண்டு விரலை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு, பழைய பேப்பரில் அடித்துக்கொண்டே இருப்பார். "இன்னாத்துக்கு இப்டி?" என்றேன். "அவளுக்கு எங்க இடிக்கும்னு பாக்கறேன்" என்றார். ஒரு நாள் கட்டை அவிழ்க்காமலே உட்கார்ந்து அழுதார்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ கேட்டால் எழுதுவார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்
கலைவாணி


ஆலங்காயம்
1 டிசம்பர் 2024

செந்தாமரைக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணிக்கு நீ எழுதிய ஒரு வரியைக் காட்டினாள். "அவர் எழுதுவதை அடுப்பு படித்தால் போதாது, நான் படிக்க வேண்டும்." இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வரக் கூடாது என்று தபாலாபீசிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருடம் செப்டம்பர் முதல் வாரம். வெளிநாட்டு ஆர்டருக்குத் தேதி நெருங்கிவிட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "தனசேகர், வலது பட்டன டைரக்டா ஒயர் போட்டுடு. ஒரு கையில தோல தள்ளிக்கினே அடிக்கட்டும்" என்றார். போட்டேன். அதன்பின் இடது பட்டன் ஒன்றே போதும், கத்தி இறங்கிவிடும். மொத்தம் ஆறு மெஷின். மூன்றாவது உன்னுடையது. லைனில் சூப்பர்வைசர் அப்போது யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, உன்னிடமாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேகம் கூடினால் உனக்கும் நல்லதுதானே என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். ஒயரைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தபோது மெஷின் ஒழுங்காக இருந்தது. அதனால்தான் தவறு உன்னுடையது என்று ஆனது. எல்லாம் தெரிந்தே நான் மைப்பெட்டியைப் பிடித்தேன்.

இன்னும் ஒன்று. இந்த ஜூலையில் மறுபடி ஒயர் போடச் சொன்னார்கள். உனக்குக் கொக்கி ராவிக்கொண்டிருந்த அதே வாரம். முடியாது என்று சொல்ல வாய் திறந்தேன், "வேற மெக்கானிக் கெடைக்காமலா பூடுவான்?" என்றார் சூப்பர்வைசர். போட்டுவிட்டேன். இப்போது பதினொரு மெஷின்.

நான் கெட்டவன். என்னை மன்னித்துவிடு.

தனசேகரன்


ஜவ்வாது மலை
12 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் இரண்டு நாள் நலமாக இல்லை, இப்போது பரவாயில்லை.

ஒயர் போட்டது நீ என்பது எனக்கு முதல் நாளே தெரியும். ஒரு பட்டனில் கத்தி இறங்குகிறது என்றால் மற்றதன் ஒயரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த லைனுக்கு மெக்கானிக் நீ ஒருவன்தான். பிடுங்கி வாங்காமல் நீயாகச் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அச்சு மெஷினை நீயே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியதும் அதற்காகத்தான். ஆனால் திரும்பிப் போய்க் கழற்றியது நீ என்பது தெரியாது. பதினொரு மெஷினும் தெரியாது. அதைப் படித்துவிட்டு உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு எல்லாம் படித்துக் காட்டிவிட்டேன். மறைக்க மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கு இன்றைக்குத் தூக்கம் வரும். எழுத மாட்டேன். பதினொரு மெஷின் முன்னாலும் பதினொரு பெண்கள் நிற்கிறார்கள். அவர்களில் நாலு பேர் என்னோடு டிபன் பாக்ஸ் பிரித்துச் சாப்பிட்டவர்கள். முதலில் அவர்கள் கை, அப்புறம்தான் உன் தூக்கம்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் கோத்து, நான் அடித்தது. ஒரு எழுத்தும் கோணல் இல்லை, வரி ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பார். இதைக் கம்பெனி வாசலில் கொடுக்கப் போகிறேன். எந்தக் கடையில் கேட்டாலும் கம்பெனிக்குப் பயந்து அடித்துத் தர மாட்டார்கள். என் வீட்டு மெஷின் யாருக்குப் பயப்பட வேண்டும்?

ஆளில்லாத நேரத்தில் சுவரில் ஒட்டிவிட்டு ஓடி வரவும் மாட்டேன். மை வாங்கப் போனபோது பாயிடம் நோட்டீஸ் அடிக்கப் போகிறேன் என்றேன். "அடிம்மா. ஆனா கீழ அச்சடிச்சவங்க பேரும் ஊரும் போடணும். அதான் தொழிலு மரியாதி. பேரில்லாத தாளு மொட்டக் கடுதாசி" என்றார். என் பெயரைப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரி இடம் காலியாக இருக்கிறது. அது உன்னுடைய இடம். அங்கே என்ன வர வேண்டும் என்பதை நீ சொல். எதுவும் வராவிட்டாலும் தாள் போகும்.

செந்தாமரை


ஆலங்காயம்
8 ஜனவரி 2025

தங்கைக்கு,

தாள் கிடைத்தது. பத்துத் தடவை படித்தேன். ஒரு எழுத்தும் கோணல் இல்லை.

அந்த வரியை நீ கோக்காதே. பொங்கல் முடிந்து 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நானே கோக்கிறேன். வலது கையால் கோக்கிறவன் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நீதான் காட்ட வேண்டும். திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு முன்னால் செய்யப்போவதையும் அந்த வரியிலேயே செய்து முடித்ததாகப் போட்டுவிடுகிறேன். அச்சில் ஏறிவிட்டால் அதற்கப்புறம் என்னால் பின்வாங்க முடியாது. எனக்கு அது தேவைப்படுகிறது.

கலைவாணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "வேல போனா போவட்டும். அதுங்க கை போவக் கூடாது" என்றாள்.

அம்மா என்னை வீட்டுக்குள் விடுவாளா என்று கேட்டு வை.

தனசேகரன்


20 ஜனவரி 2025

கட்டிங் லைனில் நிற்கும் அக்கா தங்கைகளுக்கு,

உங்கள் பத்து விரல்களும் நலமா?

நான் மூன்றாவது மெஷினில் நின்றவள். என் வலது கையில் இப்போது மூன்று விரல்கள். என் கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி எழுதி வைத்திருக்கிறது. அது பொய். வலது பட்டனில் ஒயர் போட்டிருந்தார்கள்.

வேலை தொடங்கும் முன் தோலை எடுத்துவிட்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது பட்டனை மட்டும் அழுத்திப் பாருங்கள். கத்தி இறங்கக் கூடாது. இறங்கினால் அந்த மெஷினில் நிற்காதீர்கள். நாளைக்கும் அழுத்திப் பாருங்கள். தினமும் பாருங்கள். யார் அதட்டினாலும் பாருங்கள்.

எழுதி அச்சடித்தவள்:
செந்தாமரை, ஜவ்வாது மலை.

அன்று ஒயர் போட்டவன், இன்று காலை பதினொரு மெஷினிலும் அதை அறுத்தவன், இந்தத் தாளை உங்கள் கையில் கொடுப்பவன்:
அவள் அண்ணன் தனசேகரன், மெக்கானிக்.